வானத்துக்கு ஒரு கணக்கு நோட்டு

1979ஆம் வருடம் ஜூலை 11, புதன்கிழமை. எனக்குப் பத்து வயது. எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி ரோட்டில் இறங்கி, கரிசல் காட்டு வண்டித்தடத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். அன்று பொழுது சாயும் முன்பே ஆச்சி கோழி அடித்துவிட்டாள். தீபாவளிக்கும் கொடைக்கும் மட்டுமே எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. அன்றைக்கோ வெறும் புதன்கிழமை. பக்கத்து வீட்டில் வளர்ந்த கிடாய்க்குட்டியைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“அமெரிக்காக்காரன் வானத்துல கட்டுன வீடு விழப்போகுதாம் தாயி. எங்க விழும்னு அவனுக்கே தெரியலையாம். திங்கிறதத் தின்னுட்டுப் படு” என்று சொல்லி, ஈரலை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

அந்த வீட்டின் பெயர் ஸ்கைலாப். 1973 மே மாதம் அமெரிக்கா ஏவிய ஆய்வுக்கூடம். மூன்று குழுக்கள் போய்த் தங்கி வேலைபார்த்துவிட்டு வந்தபின், 1974லிருந்து ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எடை எழுபது டன்னுக்கு மேல். முற்றத்தில் நார்க்கட்டில் போட்டு, மேகாத்து வீச, ஊரே விழித்துக் கிடந்தது. நம் நேரப்படி இரவு பத்து மணி சுமாருக்கு அது இந்தியப் பெருங்கடலுக்கு மேலே உடைந்து சிதறியது. துண்டுகள் கடலிலும், மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்ற ஊரைச் சுற்றியும் விழுந்தன. ஒருவருக்கும் காயமில்லை. மறுநாள் ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு எங்கள் அய்யா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “எங்க இருக்கு, எங்க போகும்னு யாராவது ஒழுங்காக் கணக்கு வச்சிருந்தா, ஊரு எதுக்கு உறங்காமக் கெடக்கணும்?”

அய்யா கணக்கு வைக்கிற ஆள். பருத்திக் கமிஷன் கடைப் பற்றுவரவும், பெய்த ஒவ்வொரு மழையும் அவருடைய நீள நோட்டில் தேதியோடு இருக்கும். “குறிச்சு வச்சாத்தான் அடுத்த வருசம் பேச முடியும்” என்பார். அந்த ராத்திரியும் அந்தக் கேள்வியும்தான் என்னை இயற்பியல் டீச்சராக்கின. நாற்பது வருடங்களுக்கு மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடிக் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஏன் சொல்ல முடியவில்லை?

ஸ்கைலாப் எங்கே இருந்தது என்பது அன்றைக்கும் தெரியும். ராடார்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தன. எங்கே விழும் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

பூமிக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலும் காற்று கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மிக மெல்லிய காற்றுதான். ஆனால் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருளை அதுவே மெல்லமெல்லக் கீழே இழுத்துவிடும். சூரியனில் கொந்தளிப்பு கூடும் வருடங்களில் இந்த மேல்காற்று சூடேறிப் பொங்கி, இன்னும் உயரத்துக்கு எழும்பும். எழுபதுகளின் கடைசியில் அப்படித்தான் ஆனது. எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே ஸ்கைலாப் இறங்கிவிட்டது. விழும் நேரக் கணக்கில் பத்து நிமிடம் பிசகினால், விழும் இடம் 4,500 கிலோமீட்டர் தள்ளிப்போகும். நேரம்தான் இங்கே தூரம். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

மொட்டைமாடிப் பாடம்

மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்து வானம் கழுவிவைத்த தாம்பாளம் மாதிரி இருக்கும். பொழுது அடைந்து முக்கால் மணி நேரம் கழித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூட மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவேன். ஆளுக்கொரு பாய், கடிகாரம், பென்சில், எல்லாருக்கும் பொதுவாக ஒரு நோட்டு. தொலைநோக்கி வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே யாராவது ஒருத்தி கத்துவாள்: “டீச்சர், வெள்ளி ஒண்ணு நகருது!”

“சிவப்பு விளக்கு மினுக்குதா?”

“இல்ல டீச்சர்.”

“சத்தம்?”

“இல்ல.”

“அப்ப அது பிளேன் இல்ல. செயற்கைக்கோள். சொந்த வெளிச்சம் கிடையாது. வெயில் பட்டுத் தெரியுது.”

“பொழுதுதான் அடைஞ்சிருச்சே, வெயில் எங்க டீச்சர்?”

இதற்குப் பனைமரம்தான் பதில். சாயங்காலம் பனையடியில் நிற்கிறவனுக்குப் பொழுது அடைந்துவிடும். கொண்டையில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு இன்னும் கொஞ்ச நேரம் வெயில் இருக்கும். நானூறு கிலோமீட்டர் உயரப் பனை ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்தக் கொண்டையில் வெயில் வெகுநேரம் நிற்கும். அதனால்தான் அந்தியிலும் விடியலுக்கு முன்னும் செயற்கைக்கோள்கள் நன்றாகத் தெரிகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில நடுவானில் அணைந்துபோகும். பூமியின் நிழலுக்குள் போய்விட்டன என்று அர்த்தம்.

நாங்கள் அதிகம் பார்ப்பது சர்வதேச விண்வெளி நிலையத்தை. சுமார் நானூறு கிலோமீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகும். அந்தத் தூரத்தை அது இரண்டே நொடியில் கடந்துவிடும்.

நோட்டில் ஐந்து கட்டங்கள். தேதி, மணி நிமிடம் நொடி, தோன்றிய திசை, எந்த நட்சத்திரத்தை ஒட்டிப் போனது, வெளிச்சம் சீராக இருந்ததா மினுக்கியதா. இரண்டாவது கட்டத்தில்தான் கறாராக இருப்பேன். நான் படித்த காலத்தில் ஆகாசவாணிச் செய்திக்கு முன்னால் வரும் ‘பீப்’ ஒலியை வைத்து அய்யா கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். இன்று கைபேசி சரியான நேரம் காட்டுகிறது. ஆனாலும் விரல் ஒரு நொடி தாமதித்தால், வானத்தில் அந்தப் பொருள் ஏழரை கிலோமீட்டர் முன்னே போயிருக்கும். எங்கள் மாடியில் நிற்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும், கோடிகள் செலவழித்து ராடார் கட்டும் நாட்டுக்கும் இது ஒரே சோதனைதான்.

மூன்று பார்வையில் ஒரு பாதை

ஒரு பொருளைச் சில தடவை பார்த்தே அது நாளைக்கு எங்கே இருக்கும் என்று சொல்லும் வித்தை பழையது. எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கிலேயர் 1682இல் வந்த வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட்டு, அது 1758இல் திரும்பி வரும் என்றார். அவர் 1742இல் இறந்துபோனார். சொன்னபடி 1758 டிசம்பரில் அது வந்தது. 1801ஆம் வருடப் பிறப்பு நாளில் சீரீஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்து காணாமல்போனது. இருபத்து நாலு வயதுக் கணித மேதை காஸ், கிடைத்திருந்த சொற்பக் குறிப்புகளிலிருந்து பாதையைப் போட்டுக் கொடுத்தார். அந்த வருடக் கடைசி நாளில் அவர் காட்டிய இடத்தின் பக்கத்திலேயே அது அகப்பட்டது.

அதே ஹாலி வால்நட்சத்திரம் 1910இல் மறுபடி வந்தபோது, அதன் வாலில் விஷவாயு இருக்கிறது, பூமி அதற்குள் புகுந்தால் எல்லாரும் செத்துப்போவோம் என்று பல நாடுகளில் பீதி பரவியது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். அந்தத் தமிழ் வருடத்தின் பெயர் சாதாரண. ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்றே அவர் ஒரு பாட்டு எழுதினார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பயத்தில் குனியாமல் வானத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

பூமியைச் சுற்றும் எந்தப் பொருளின் பாதைக்கும் ஆறு எண்கள் போதும். பாதை எவ்வளவு பெரிது, எவ்வளவு நீள்வட்டம், நடுக்கோட்டுக்கு எத்தனை பாகை சாய்வு, அந்தச் சாய்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பூமிக்கு மிக நெருங்கும் முனை எங்கே, குறிப்பிட்ட ஒரு நொடியில் பொருள் பாதையில் எந்த இடத்தில். அமெரிக்க விண்வெளிப் படை வைத்திருக்கும் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே வரி எண்கள். அதுதான் அதன் ஜாதகம். ஆனால் ஒருமுறை எழுதி மடித்துப் பெட்டியில் வைத்துவிடும் ஜாதகம் இல்லை. காற்று இழுக்கிறது, சூரிய ஒளி தள்ளுகிறது, நிலவும் பூமியின் மேடுபள்ளமும் அசைக்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்த்துத் திருத்தி எழுதாவிட்டால் அந்த இரண்டு வரியும் பழைய பஞ்சாங்கம்தான்.

நாட்டின் கண்கள்

1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தபோது உலகமே இந்தக் கணக்கைத் தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பூமியைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் பேக்கர்-நன் கேமராக்களை வைத்தது. அவற்றில் ஒன்று நம் நைனிடால் வானாய்வகத்தில் இருந்தது. அந்த வானாய்வகத்தை அப்போது நடத்தியவர் வைணு பாப்பு. 1960இல் கொடைக்கானலுக்கு வந்த அவர்தான், பின்னால் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப்பிடித்து ஆய்வகம் அமைத்தார். இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே திறக்கப்பட்டது. அதே காவலூரில் சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு இஸ்ரோ ஒரு செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையமும் நடத்தியது. கேமராவில் நட்சத்திரங்களையும் அவற்றுக்கு நடுவே கோடாய் விழும் செயற்கைக்கோளையும் சேர்த்துப் படமெடுத்து, எந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளப்பார்கள். எங்கள் நோட்டின் நாலாவது கட்டமும் அதே வேலைதான்.

படத்துக்கு இருட்டும் தெளிந்த வானமும் வேண்டும். ராடாருக்கு இரண்டும் வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ கட்டியிருக்கும் பல்பொருள் கண்காணிப்பு ராடாரின் முகம் பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் உயரம். ஒரே நேரத்தில் பத்துப் பொருட்களைப் பின்தொடரும். எண்ணூறு கிலோமீட்டர் தூரத்தில் முப்பது சென்டிமீட்டர் சதுரப் பொருளைக் கண்டுபிடித்துவிடும். நம் வீட்டுச் சுளகைவிடச் சின்னது! பழைய ராடார் போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உறுப்புகள் அலைகளைச் சற்றே முன்பின்னாக விடுவதால், முகம் அசையாமலே பார்வை திசை மாறும்.

ராடாருக்கும் ஒரு எல்லை உண்டு. அலை போய் முட்டித் திரும்பி வர வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் திரும்பும் அலையின் பலம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் டிவி செயற்கைக்கோள்கள் நிற்கும் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குத் தொலைநோக்கிதான் சரி. விளக்கு போடும் செலவு சூரியனுடையது. ‘நேத்ரா’ என்று பெயரிட்ட இஸ்ரோ திட்டத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அசாமின் சந்திரபூரில் ஒரு ராடார், லடாக்கின் ஹான்லே மலையில் ஒரு தொலைநோக்கி. அந்த ராடாரின் குறி, 1,500 கிலோமீட்டர் வரைக்கும் பத்து சென்டிமீட்டர் அளவுப் பொருட்களைப் பிடிப்பது.

பொட்டா, பருப்பா?

எங்கே இருக்கிறது என்று தெரிந்தாயிற்று. அடுத்து, அது என்ன? உயிரோடு இருக்கும் செயற்கைக்கோளா, செத்துப்போன ராக்கெட் உடலா, வெடித்த தகரமா? தொட்டுப் பார்க்க முடியாது. இங்கேதான் எங்கள் களத்துமேடு எனக்குக் கைகொடுக்கிறது.

தை, மாசியில் உளுந்து அடித்து முடித்ததும், காற்று வாக்கில் நின்று ஆச்சி சுளகை உயர்த்தித் தூற்றுவாள். பருப்பு காலடியில் விழும். பொட்டு தள்ளிப்போய் விழும். தூசி ஊர் எல்லைக்கே போய்விடும். ஆச்சி ஒன்றையும் எடை போட்டதில்லை. எவ்வளவு தூரம் அடித்துக்கொண்டு போகிறது என்பதே எது என்ன என்று சொல்லிவிடும். விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்கிறார்கள். மெல்லிய மேல்காற்று ஒரு துண்டை எவ்வளவு சீக்கிரம் கீழே இழுக்கிறது, சூரிய ஒளி எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்தால், எடைக்கு அதன் பரப்பு அதிகமா குறைவா என்பது வெளிப்படும். அதிகமென்றால் வெப்பக் காப்புத் தாள் போன்ற சருகு. குறைவென்றால் கனத்த உலோகம்.

இன்னும் மூன்று அடையாளங்கள் உண்டு. ராடாருக்குத் திரும்பி வரும் அலையின் பலம், பொருளின் அளவை உத்தேசமாகச் சொல்லும். வெளிச்சம் கூடிக் குறையும் தாளம், அது உருள்கிறதா என்பதைச் சொல்லும். வேலைசெய்யும் செயற்கைக்கோள் பெரும்பாலும் சீராக ஒளிரும். கைவிடப்பட்ட ராக்கெட் உடல் உருண்டுகொண்டே போவதால் சில நொடிக்கு ஒருமுறை பளிச்சிடும். எங்கள் நோட்டின் ஐந்தாவது கட்டம் இதற்காகத்தான். பெரிய தொலைநோக்கியில் நிறத்தையும் பிரித்துப் பார்க்கலாம். சூரியத் தகடும் வெள்ளைப் பெயின்ட்டும் தங்கநிறத் தாளும் ஒளியைத் திருப்பும் விதம் வேறு வேறு. ஒருமுறை ஒரு மாணவி, வானத்தில் ஒரு ஒளிப்புள்ளி ஐந்து நொடிக்கு ஒருதரம் பளிச்சிட்டதைப் பதினோரு தடவை எண்ணிக் குறித்திருந்தாள். பேர் தெரியாத பொருளின் நடையைப் பார்த்தே “டீச்சர், இது செத்தது” என்று அவளால் சொல்ல முடிந்தது. அன்றைக்கு நான் நடத்திய பாடம் வீண்போகவில்லை என்று தோன்றியது.

நம் வீட்டுக் குப்பை

இதுவரை சொன்னதில் விழப்போவது அமெரிக்காக்காரன் வீடு, பயப்படுவது நாம். இனி சொல்லப்போவது நம் வீட்டுக் கணக்கு.

2001 அக்டோபர் 22 அன்று பி.எஸ்.எல்.வி.-சி3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மூன்று செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய்ச் சரியாக இறக்கிவிட்டது. வேலை முடிந்த அதன் நாலாவது அடுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்து, டிசம்பர் 19 அன்று வெடித்தது. மிச்சமிருந்த எரிபொருளே காரணம் என்று கருதப்படுகிறது. பட்டியலில் ஏறிய துண்டுகள் சுமார் 370. பெரும்பாலானவை காற்றில் இறங்கி எரிந்துபோயின. இருபது வருடங்கள் தாண்டியும் சில பத்துத் துண்டுகள் மேலேயே இருந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு, மேல் அடுக்கின் மிச்ச எரிபொருளை வெளியேற்றிச் சாந்தப்படுத்துவது இஸ்ரோவின் வழக்கமாயிற்று. அடுப்பு வேலை முடிந்ததும் கொள்ளிக்கட்டையைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் படுப்பது மாதிரிதான்.

2019 மார்ச் 27 அன்று இந்தியா தன்னுடைய மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் தகர்த்துச் சோதித்தது. முந்நூறு கிலோமீட்டருக்கும் தாழ்ந்த உயரம் என்பதால் துண்டுகளில் பெரும்பகுதி சில வாரங்களில் விழுந்தது. ஆனால் அடியின் வேகத்தில் சில துண்டுகள் மேலே எகிறிப்போயின. கண்காணிப்பில் இருந்த கடைசித் துண்டு இறங்க 2022 ஆயிற்று.

2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு உருளை ஒதுங்கியது. கடற்சிப்பிகள் அப்பியிருந்தன. ஊர்க்காரர்கள் திகைத்துப்போனார்கள். அது பெரும்பாலும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாவது அடுக்கு என்று அந்நாட்டு விண்வெளி முகமை ஜூலை 31 அன்று அறிவித்தது. சுற்றுப்பாதைக்குப் போகாமல் கடலில் விழுவதற்கென்றே வடிவமைத்த பாகம்தான் அது. ஆனாலும் செய்தியைப் படித்தபோது என் மனசு 1979க்குப் போய்விட்டது. ஸ்கைலாப் விழுந்ததும் அதே மேற்கு ஆஸ்திரேலியாவில்தான். அன்று அடுத்தவன் பொருளுக்குப் பயந்து ஆச்சி கோழி அடித்தாள். இன்று நம் பொருளைப் பார்த்து எங்கோ ஒரு கடற்கரையில் ஒரு பாட்டி பேரப்பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தியிருப்பாள். அய்யா கேட்ட கேள்வியை இனி நம்மையும் பார்த்துக் கேட்பார்கள்.

நாலு நொடி

இன்று உலகக் கண்காணிப்பு வலைகள் பின்தொடரும் பொருட்கள் சுமார் 40,000. கொண்டைக்கடலை அளவுக்கும் மேல், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் 12 லட்சத்துக்கும் அதிகம் இருக்கும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. இவற்றில் பெரும்பாலானவை எந்த ராடாரின் பட்டியலிலும் இல்லை. ஒரு மோதலில் பிறக்கும் துண்டுகள் அடுத்த மோதலுக்கு விதையாகும் என்று விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் 1978லேயே எச்சரித்தார். 2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே, வேலையில் இருந்த அமெரிக்க இரிடியம் செயற்கைக்கோளும் செத்துப்போன ரஷ்யக் காஸ்மாஸும் முட்டிக்கொண்டன. அரை கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போகும் என்று அதற்கு முன் போட்ட ஒரு கணக்கு சொல்லியிருந்தது. ஜாதகத்தைப் புதுப்பிக்காவிட்டால் அரை கிலோமீட்டர் எவ்வளவு சுலபமாகத் தொலைந்துபோகிறது!

அதனால்தான் பெங்களூருவில், விண்வெளிச் செயல்பாடுகளைப் பாதுகாப்பாக நடத்துவதற்கென்றே இஸ்ரோ ஒரு தனி அமைப்பு வைத்திருக்கிறது. அது திறக்கப்பட்ட தேதி 2022 ஜூலை 11. ஸ்கைலாப் விழுந்து சரியாக நாற்பத்து மூன்று வருடம். தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ராத்திரி முற்றத்தில் விழித்துக் கிடந்த எனக்கு அது வெறும் தேதியாகத் தெரியவில்லை.

அங்கே என்ன வேலை நடக்கிறது? 2023இல் மட்டும் இந்தியச் செயற்கைக்கோள்களை ஏதோ ஒரு பொருள் நெருங்குவதாக அமெரிக்காவிலிருந்து வந்த எச்சரிக்கைகள் 1,37,000க்கும் மேல். ஒவ்வொன்றையும் நம்மிடம் உள்ள துல்லியமான பாதைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சலிக்கிறார்கள். அந்த வருடம் உண்மையிலேயே செயற்கைக்கோளை நகர்த்த வேண்டி வந்தது 23 முறை. எல்லாவற்றுக்கும் நகர்த்தினால் எரிபொருள் தீர்ந்து செயற்கைக்கோளின் ஆயுள் குறையும். ஒன்றுக்கு நகர்த்தாமல் விட்டால் ஆயிரம் துண்டாகலாம். நல்ல கணக்கு இருந்தால்தான் எதற்கு நகர வேண்டாம் என்றும் தைரியமாகச் சொல்ல முடியும்.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதை எங்கள் பள்ளிக்கூடமே டிவியில் பார்த்துக் கைதட்டியது. அந்த ராக்கெட் முதலில் குறித்த நேரத்தைவிட நாலு நொடி தாமதமாகக் கிளம்பியது என்பது பின்னால்தான் தெரிந்தது. போகும் வழியில் ஒரு பொருள் நெருங்கி வரும் என்று கணக்கு காட்டியதால் அந்த நாலு நொடி. அதே மாதம் 30ஆம் தேதி பி.எஸ்.எல்.வி.-சி56 ஒரு நிமிடம் தாமதிக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான். நாலு நொடி என்றால் முப்பது கிலோமீட்டர். கடிகாரத்தில் ஒரு நொடி பிசகினாலும் நான் ஏன் கறாராக இருக்கிறேன் என்று பிள்ளைகளுக்கு அப்போது விளங்கிவிட்டது.

பொருட்களைத் திரும்பக் கொண்டுவருவதும் நடக்கிறது. 2011இல் பிரான்சோடு சேர்ந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ் அப்படி இறக்குவதற்கென்று வடிவமைக்கப்படவே இல்லை. மிச்ச எரிபொருளை வைத்தே படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலில் ஆளில்லாத பகுதிக்கு மேலே எரித்து இறக்கினார்கள். 2024 புத்தாண்டு நாளில் போன பி.எஸ்.எல்.வி.-சி58இன் நாலாவது அடுக்கை 650 கிலோமீட்டரிலிருந்து 350க்கு இறக்கி, மிச்ச எரிபொருளையும் வெளியேற்றிவிட்டு, அதன்மேல் ஆய்வுக் கருவிகளை இயக்கினார்கள். மார்ச் 21 அன்று அது பசிபிக்கில் விழுந்து கணக்கு முடிந்தது. 2030க்குள் இந்தியாவின் எந்த விண்வெளிப் பயணமும் குப்பை விட்டுவரக் கூடாது என்று 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்திருக்கிறது. சி3 வெடித்த நாட்டிலிருந்து வரும் வாக்கு என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம்.

குலசைக்குப் பிறகு

எட்டயபுரம் தூத்துக்குடி மாவட்டம். இதே மாவட்டத்தின் தெற்குக் கரையில் குலசேகரப்பட்டினம், சுருக்கமாகக் குலசை. காக்கை பறக்கும் வழியில் எங்களுக்கு எண்பது கிலோமீட்டர் சுமாராக இருக்கும். தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற ஊர். அங்கேதான் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கைக்கு மேல் பறக்காதிருக்க வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது. குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை கடல்தான். நேராகப் போகலாம்.

துருவப் பாதை என்பது வானத்திலேயே நெரிசலான சந்தை. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் மிகப் பலவும் ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குள் அங்கேதான் சுற்றுகின்றன. 2009 மோதலும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். நம் மாவட்டத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ராக்கெட்டும் அந்தச் சந்தைக்குள் நுழையும். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன பகுதி இனி ராக்கெட்டுக்கும் பேர் வாங்கும் என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். கூடவே ஒரு ஆசையும் உண்டு. அனுப்புவதற்குக் காட்டும் அதே அக்கறையை, அனுப்பியது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கவும், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து கணக்கை முடிக்கவும் காட்ட வேண்டும். அதைக் கேட்கிற உரிமை, கீழே குடியிருக்கிற எல்லாருக்கும் உண்டு.

அய்யா இப்போது இல்லை. மழை எழுதிய அவருடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. கடைசிச் சில பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று நடுவில் அவரே போட்டுவைத்த சிவப்புக் கோடு அந்தப் பக்கங்களிலும் இருக்கிறது. குலசையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பும் நாளில் பிள்ளைகளோடு மாடியில் தெற்கே பார்த்து நிற்பேன். அந்தப் பக்கத்தில் என்ன தலைப்பு எழுதுவது என்று பிள்ளைகளே முடிவுசெய்து எழுதியும் விட்டார்கள். இடப்பக்கம் ‘போனது.’ வலப்பக்கம் ‘வந்து சேர்ந்தது.’ இரண்டுக்கும் கீழே தேதி, மணி, நிமிடம், நொடி.